நடுக்கோட்டாரின் மஞ்சள் கோடு

இந்த இனத்தில் ஆயிரம் பேரையாவது நான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறும் உறுத்துகிறதா? சரி, மூன்று பேர். அந்த மூவரில் ஒருவரைப் பேருந்தில் கால்மணி நேரம் பார்த்ததோடு சரி. அந்தக் கால்மணி நேரத்தில் அவர், ஜன்னலைத் திறக்கச் சொன்னவருக்கும் ‘ஆகட்டும்’, மூடச் சொன்னவருக்கும் ‘ஆகட்டும்’ என்று சொல்லி, ஜன்னலைப் பாதி மட்டும் திறந்துவைத்து, இரண்டு பேருடைய திட்டையும் முழுதாக வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். இனத்தை அடையாளம் காண இது போதாதா?

நான் எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன் என்று ஒருத்தி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறாள். முதல் வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்; ஆயிரம் நூறானதும், நூறு மூன்றானதும் அவள் புருவம் ஏறிய ஏற்றத்தினால்தான். யார் அவள் என்பது போகப் போகத் தெரியும்.

இந்த இனத்துக்கு நடுக்கோட்டார் என்று பெயர். பெயர் வைத்தது நான்தான். எந்தச் சண்டையிலும், எந்தச் சபையிலும், எந்தச் சாப்பாட்டு மேஜையிலும் நட்ட நடுவில் இருப்பவர். யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘முடியும்’ என்று சொன்னதாகவும் யாராலும் நிரூபிக்க முடியாது. தலையை ஆட்டுவார். அந்த ஆட்டம் மேலும் கீழுமா, இடமும் வலமுமா என்பதைப் பார்ப்பவர் விருப்பத்துக்கே விட்டுவிடுவார். மழை வருமா என்று கேளுங்கள். முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகு உங்கள் கையில் குடை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ‘வரும்போலத்தான் தெரியுது’ என்பார், இல்லாவிட்டால் ‘எங்க வரப்போகுது’ என்பார். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்டால் இரண்டு பேர் தோளிலும் கை போட்டிருக்கும் ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். இரண்டு பேரும் சமாதானமான பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து பேசாமல் இருக்கும் ஒரே மனிதரும் இவர்தான்.

இவருடைய வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். ‘அப்படியும் சொல்லலாம்.’

இன்று பதினாலாம் தேதிதானே? அப்படியும் சொல்லலாம். உங்களுக்குக் காபியா, டீயா? எதுன்னாலும். அந்த ஆள் சுத்த அயோக்கியன், இல்லையா? அப்படியும் சொல்லலாம். நான் மட்டும் யோக்கியனா? அப்படியும்...

இதெல்லாம் நல்ல மனசு என்று சிலர் சொல்கிறார்கள். பயம் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே சரி என்று நடுக்கோட்டார் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்த மூவரில் மூன்றாமவரைத்தான் உங்களுக்குக் காட்டப்போகிறேன். அவர் ஒரு ஸ்பிரிங் முதலாளி. தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை, அதற்குள் கம்பியை இழுத்து, சுற்றி, நறுக்கும் பதினாறு இயந்திரங்கள், முப்பத்தொன்பது தொழிலாளர்கள், நடுவில் ஓர் உலை. சுற்றிய ஸ்பிரிங்கை உலையில் பதமாகச் சூடாக்கி எடுக்காவிட்டால் நாலு முறை அழுத்தினாலே அப்படியே படுத்துவிடும். பழைய உலை அது. ஒரு பக்கக் கதவைத் திறந்து தட்டை உள்ளே தள்ளினால் வெந்து மறு பக்கக் கதவு வழியாக வெளியே வரும். இந்த இரண்டு கதவுகளையும் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அமுக்கினால் குனிவதும் விட்டால் நிமிர்வதுமாக இருக்கும் ஒரு பொருளை முப்பது வருடம் விற்றவருக்கு வேறு எந்தச் சுபாவம்தான் அமையும்?

இப்போது இரண்டு பெரிய தேசங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். எவை என்று கேட்காதீர்கள். நடுக்கோட்டார் காதில் விழுந்தால் சங்கடப்படுவார். மூத்த சம்பந்தி, இளைய சம்பந்தி என்று வைத்துக்கொள்வோம். ஏன் சம்பந்தி என்கிறேன் என்றால், முப்பது நாற்பது வருடமாக அவர்கள் கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் இருந்தது. இவர் வீட்டில் போடும் சட்டையை அவர் தைப்பார். அவர் வீட்டில் பேசும் தொலைபேசிக்கு இவர் மூளை வைப்பார். ஒருவர் தும்மினால் மற்றவர் வீட்டில் கைக்குட்டை விலை ஏறும். அப்படி இழைந்தவர்கள் ஒரு நாள் முறைத்துக்கொண்டார்கள். சம்பந்திகள் முறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அவர்கள் இரண்டு பேரும் சௌக்கியமாக அவரவர் வீட்டில் இருப்பார்கள். நடுவில் இருக்கிற உறவுக்காரர்களுக்குத்தான் தலைவலி. ‘அவங்க வீட்டு வாசல்ல கால் வெச்சா எங்க வீட்டுக்கு வராதே’ என்று இங்கிருந்து ஒரு சொல். ‘எங்க வீட்டுக்கு வராம அவங்க பேச்சைக் கேட்டியா, அப்ப நீயும் எங்களுக்கு விரோதிதான்’ என்று அங்கிருந்து ஒரு சொல்.

நம்முடைய முதலாளி இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர். மூத்த சம்பந்தி வீட்டுச் சலவை இயந்திரத்தின் மூடியில் இவர் ஸ்பிரிங். இளைய சம்பந்தி வீட்டுக் கதவுப் பூட்டிலும் இவர் ஸ்பிரிங். இரண்டுக்கும் கம்பி வருவது இளைய சம்பந்தியிடமிருந்து. அலுவலக அறையில் ஒரு சட்டம் போட்ட புகைப்படம் தொங்கும்: மூத்த சம்பந்தி நாட்டுக் கம்பெனித் தலைவர் ஒருவருடன் முதலாளி கை குலுக்குவது. அதைத் திருப்பி மாட்டினால் பின்பக்கம் இன்னொரு படம்: இளைய சம்பந்தி நாட்டுக் கம்பெனித் தலைவருடன் அதே கை, அதே குலுக்கல், அதே பல். வாசலில் யார் வண்டி நிற்கிறதோ அதற்கேற்ப படம் திரும்பும். இப்படியே இருபது வருடம் ஓடியது. ஆணிதான் கொஞ்சம் தளர்ந்துபோயிற்று.

ஒரு திங்கட்கிழமை மூத்த சம்பந்தியிடமிருந்து முப்பத்தெட்டுப் பக்கப் படிவம் வந்தது. உங்கள் ஸ்பிரிங்கில் அவர்கள் கம்பி இருக்கக்கூடாது. அவர்களுக்கு வேலை செய்யும் இயந்திரத்தில் எங்கள் வேலை நடக்கக்கூடாது. அவர்களுக்கு வேலை செய்யும் கை எங்கள் சரக்கைத் தொடக்கூடாது. அடுத்த திங்கட்கிழமை இளைய சம்பந்தியிடமிருந்து நாற்பத்தொரு பக்கப் படிவம். அதே கேள்விகள், பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. தேறினால் வருடம் பூராவும் வேலை. தேறாவிட்டால் இயந்திரங்களுக்குத் துணியைப் போர்த்திவிட்டு முப்பத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

முதலாளி பேனாவை எடுத்தார். எந்த இடத்திலும் பேனா நிற்கவில்லை. இரண்டு படிவத்திலும், எல்லாக் கேள்விக்கும், ‘அப்படியே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கொட்டகையின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சள் பெயின்டில் நீளமாக ஒரு கோடு இழுக்கப்பட்டது. கோட்டுக்கு இடது பக்கம் மூத்த சம்பந்தி. வலது பக்கம் இளைய சம்பந்தி. எட்டு இயந்திரம் இங்கே, எட்டு அங்கே. பத்தொன்பது ஆள் இங்கே, பத்தொன்பது ஆள் அங்கே. குடிதண்ணீர்க் குடம் இரண்டு. சுவர்க் கடிகாரம் இரண்டு, இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் உறவு இருப்பதாகச் சந்தேகம் வருமே என்று ஒன்றை ஐந்து நிமிடம் தள்ளி வைத்தார். மூத்த சம்பந்திக்கென்று மூன்றாம் நாடு ஒன்றிலிருந்து புதுக் கம்பி தருவித்தார். சுருளைப் பிரித்தால் அதே பழைய கம்பி, முத்திரையை மட்டும் உரசி எடுத்திருந்தார்கள். ‘வேற நாட்டுக் கம்பிதானே இது?’ என்று யாரோ கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? முப்பத்தெட்டு பேர்தான் பிரிந்தார்கள். முப்பத்தொன்பதாவது ஆள், உலைக்காரர். உலையை இரண்டாக வெட்ட முடியாது. கோடு உலையின் வயிற்றுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. காலையில் இடப்பக்கக் கதவு மூத்தவருக்கு, மத்தியானம் வலப்பக்கக் கதவு இளையவருக்கு என்று ஏற்பாடு.

“முதலாளி, நான் எந்தப் பக்கம்?” என்று கேட்டார் உலைக்காரர்.

“நீங்க நடுவுல.”

“மத்தியானம் சாப்பாட்டுக்கு எந்தப் பக்கம் உக்காருவேன்?”

“கோட்டு மேலயே உக்காருங்களேன்.”

“பெயின்ட் இன்னும் காயல முதலாளி.”

“ஒரு காகிதத்தைப் போட்டுக்குங்க.”

அன்று உலைக்காரரின் கால்சட்டையில் ஒரு மஞ்சள் பட்டை விழுந்தது. துவைத்தும் போகவில்லை. “சம்பந்திங்க ரெண்டு பேரும் சேந்து எனக்குப் பட்டம் குடுத்திருக்காங்க” என்று அவர் எல்லோருக்கும் திரும்பிக் காட்டினார்.

இதோடு விட்டிருந்தால் கதை இல்லை. இரண்டு படிவத்திலும் பதினேழாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் உரிமையாளர் ஒருவராக இருக்கக்கூடாது. இரண்டு உரிமையாளர்களும் சரக்கு, ஆட்கள், திட்டம், நேரம் எதைப் பற்றியும் ஒருவரோடொருவர் தகவல் பரிமாறிக்கொள்ளக்கூடாது. முதலாளி யோசித்தார். இந்த இனத்தார் யோசித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள். வலது பக்கத்தை மனைவி பெயருக்கு எழுதிவிட்டார்.

மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். கடையில் மருந்துப் புட்டி வாங்கினாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பாள். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில்.

“இங்க, இங்க, அப்புறம் இங்க. பென்சில்ல புள்ளி வெச்சிருக்கேன் பாரு. கையெழுத்துப் போடு, போதும்” என்றார் முதலாளி.

“படிக்க வேணாமா?”

“சும்மா பேருக்குத்தானே.”

“யார் பேருக்கு? என் பேருக்குத்தானே? அப்ப நான் படிக்கணும்.”

நாற்பத்தொரு பக்கத்தையும் இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். நாலாம் நாள் காலை முதலாளி சமையலறை வாசலில் வந்து நின்று, இருபத்தெட்டு வருடமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“இன்னிக்கு என்ன சமையல்?”

“சொல்லக்கூடாதுங்க.”

“ஏன்?”

“பதினேழாம் பிரிவு. திட்டம் எதையும் பரிமாறிக்கக்கூடாது.”

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தட்டை வைத்தாள். சமையல் பரிமாறப்பட்டது; தகவல் பரிமாறப்படவில்லை. ‘எத்தனை மணிக்குக் கிளம்பறே?’ அதுவும் பதினேழு. ‘சாவி எங்க?’ பதினேழு. ‘என் மேல கோவமா?’ அதற்கு மட்டும், “அது படிவத்துல இல்ல, ஆனாலும் சொல்லமாட்டேன்” என்றாள்.

பேருக்கு முதலாளியாக்கப்பட்டவள் உண்மையிலேயே முதலாளியாகிவிட்டால் இந்த உலகத்தில் எத்தனை நடுக்கோட்டார்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? இவள் தினமும் எட்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்தாள். வலது கதவு வழியாக மட்டும். மத்தியான வெயிலில் உலையின் சூடு ஏறிப்போகிறது, என் ஸ்பிரிங் கறுக்கிறது என்று ஒரு சூடுமானி வாங்கி மாட்டினாள். அவள் பக்கத்துக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். அது உலைக்காரர் மூலம்தான் முதலாளியின் காதுக்கு வந்தது.

இளைய சம்பந்தியின் படிவத்தில் முப்பது நாளுக்குள் எல்லா இயந்திரத்தையும் எங்கள் நாட்டு இயந்திரமாக மாற்றவேண்டும் என்று ஒரு பிரிவு. முதலாளியாக இருந்தால் ‘அப்படியே’ என்று எழுதிவிட்டு முப்பது நாளும் தூங்காமல் கிடந்திருப்பார். இவள் ஒற்றை வரி எழுதி அனுப்பினாள்: ‘முப்பது நாளில் முடியாது. தொண்ணூறு நாள் வேண்டும்.’

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“முடியாதுன்னா எழுதின?”

“தகவல் பரிமாற...”

“ஐயோ, அதை விடு! முடியாதுன்னு எப்படி எழுதின? எந்தத் தைரியத்துல?”

“பேனாவாலதான். முடியாதது முடியாதுங்க. முடியும்னு எழுதினா மட்டும் முடிஞ்சிடுமா?”

“கோவிச்சுக்குவாங்களே!”

“கோவிச்சா ஸ்பிரிங் இல்லாத பூட்டை வித்துக்கட்டும்.”

இரண்டு நாளில் பதில் வந்தது. ‘சம்மதம். தொண்ணூறு நாள்.’ முதலாளி அந்தக் காகிதத்தைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எக்கி எக்கிப் பார்த்தார். ‘முடியாது’ என்ற சொல்லைத் தபாலில் அனுப்பலாம் என்பதே முப்பது வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதற்கிடையில் இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு ஆய்வாளரை அனுப்புவதாக எழுதினார்கள். மூத்தவரின் ஆய்வாளர் தொலைபேசியில், “செவ்வாய்க்கிழமை வரலாமா?” என்று கேட்டார். “தாராளமா வாங்க” என்றார் முதலாளி. பத்து நிமிடம் கழித்து இளையவரின் ஆய்வாளர், வலது பக்கத்துக்கும் இன்னும் இந்த எண்தான் இருக்கிறது என்று இவரையே கூப்பிட்டு, “செவ்வாய்க்கிழமை வரலாமா?” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ‘புதன்கிழமை வாங்களேன்’ என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் சொல்லியிருப்பீர்கள், நான் சொல்லியிருப்பேன், உலைக்காரர் சொல்லியிருப்பார். ஆனால் புதன்கிழமை என்று சொல்வது செவ்வாய்க்கிழமையை மறுப்பதாகாதா? ஒருவர் ஆசையாகக் கேட்கும் கிழமையை எப்படி மறுப்பது? “தாராளமா வாங்க” என்றார் நடுக்கோட்டார்.

அந்த வாரம் மஞ்சள் கோட்டின் மேல் கூரை வரைக்கும் ஒட்டுப்பலகையில் ஒரு தடுப்பு எழும்பியது. உலை மட்டும் சுவரில் பதித்த பீரோவைப் போல இரண்டு பக்கமும் முகம் நீட்டிக்கொண்டு நின்றது. சூடாக இருந்தால் கதவைத் திறக்கச் சொல்வார்கள், திறந்தால் மறு பக்கம் தெரியும் என்று, ஆய்வு நாளன்று உலையை அணைத்து இரண்டு கதவையும் மூடி வைக்கச் சொன்னார்.

“முதலாளி, சூடா இருந்தாத்தான் திறக்க பயப்படுவாங்க” என்றார் உலைக்காரர்.

முதலாளி யோசித்துப் பார்த்தார். “அப்படியும் சொல்லலாம்” என்றார். ஆனால் அணைத்தது அணைத்ததுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. இடது கதவு வழியாக மூத்தவரின் ஆய்வாளர்: உயரமான ஆள், மூக்குக் கண்ணாடி, எதைத் தொட்டாலும் விரலை முகர்ந்து பார்க்கும் பழக்கம். வலது கதவு வழியாக இளையவரின் ஆய்வாளர்: குட்டையானவர், தண்ணீர்கூட வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அவர்கள் பேசிய பாஷை வேறு. உங்கள் வசதிக்காக நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. உயரமானவர் எட்டு இயந்திரத்தையும் எண்ணினார், பத்தொன்பது பேரையும் எண்ணினார், கம்பியை முகர்ந்தார். தடுப்பைத் தட்டிப் பார்த்து, “அந்தப் பக்கம் என்ன?” என்றார்.

“வேற கம்பெனி.”

“என்ன செய்யறாங்க?”

“தகவல் பரிமாறிக்கறதில்லைங்க” என்றார் முதலாளி. இது மனைவியிடமிருந்து கற்றது. சொல்லும்போதே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உயரமானவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார். திரும்பும்போது உலையைப் பார்த்தார். “இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல், கதவைத் திறந்து குனிந்து உள்ளே தலையை நீட்டினார்.

அதே நேரம் அந்தப் பக்கம் குட்டையானவரும், “இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலைக்குள் இரண்டு தலையும் நேருக்கு நேர் சந்தித்தன.

“நீயா!” என்றது ஒரு தலை.

“அடேய், நீயா!” என்றது மற்றது.

விஷயம் என்னவென்றால், சம்பந்திகள் இழைந்திருந்த காலத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள். உலைக்குள்ளேயே கை கொடுத்துக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டதா, முதுகுவலி எப்படி இருக்கிறது, நம்ம பழைய மேலாளர் இன்னும் அப்படியேதான் இருக்கிறாரா என்று ஐந்து நிமிடம் ஒரே குசலம். முதலாளி இந்தப் பக்கம் இரண்டு கால்களையும் ஒரு முதுகையும் பார்த்துக்கொண்டு வியர்த்து நின்றார். பேசி முடித்து இரண்டு தலையும் வெளியே வந்தபோது இரண்டிலும் கரி. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

குட்டையானவர் படிவத்தைப் புரட்டி அந்தப் பக்கம் நின்றவளிடம் கேட்டார்: “இடது பக்கத்து உரிமையாளரை உங்களுக்குத் தெரியுமா?”

முப்பத்தொன்பது பேரும் உலைப் பக்கம் காதைத் திருப்பினார்கள். உலையின் இரண்டு கதவும் திறந்தே கிடந்ததால் எல்லாருக்கும் எல்லாமும் கேட்டது.

“இருபத்தெட்டு வருஷமா பாக்கறேன்” என்றாள் அவள். “இன்னும் தெரிஞ்சபாடில்ல.”

குட்டையானவர் ‘தெரியாது’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

இந்தப் பக்கம் உயரமானவர் முதலாளியிடம் திரும்பினார். “அந்த அம்மா யார்? உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார். சரக்கு தருபவர், சரக்கு வாங்குபவர், கூட்டாளி, போட்டியாளர், தெரியாதவர். ஐந்து கட்டம். மனைவிக்குக் கட்டம் இல்லை.

தெரியாதவர் என்று ஒரு கோடு போட்டால் போதும். இடது பக்கத்துக்கு ஒரு வருட வேலை நிச்சயம். மனைவியே தெரியாது என்று சொல்லியாயிற்று. இவரும் சொன்னால் இரண்டு பேர் சொன்னதும் பொருந்திப்போகும். முதலாளியின் கை பேனாவை நோக்கிப் போயிற்று. இந்த இனத்தின் கை அப்படித்தான் போகும். அப்போது அவர் உலைக்குள் பார்த்தார். கரி படிந்த அந்த நீளமான இருட்டுக்கு அந்தக் கோடியில் ஒரு முகம் குனிந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. இருபத்தெட்டு வருடமாக விடை தெரியாத கேள்விக்கு இன்றைக்காவது விடை வருமா என்று பார்க்கிற பார்வை. காதில் ஒரு சிவப்புப் பென்சில்.

நடுக்கோட்டார் நிமிர்ந்தார். ஒரு ஸ்பிரிங் நிமிர்வதைப் போல நிமிர்ந்தார். தகரக் கூரை அதிர, இரண்டு கடிகாரமும் ஒரு நொடி நின்றுபோக, சிங்கம்போல் கர்ஜித்தார்: “அவ என் மனைவி!”

அவ்வளவுதான். மூத்த சம்பந்தியின் வேலை அன்றோடு போயிற்று. உயரமானவர் வருத்தத்தோடு கை கொடுத்து, ஒரு முறை விரலை முகர்ந்துவிட்டு, வண்டியேறினார். இடது பக்கத்து எட்டு இயந்திரமும் நின்றன. பத்தொன்பது பேரும் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி தரையைப் பார்த்தார். தரையில் மஞ்சள் கோடு இருந்தது.

அப்போது குட்டையானவர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நெடுநேரம் படிவத்தைப் புரட்டினார். “எதிராளியோட வியாபாரம் வெச்சிருக்கிறவங்களோட சம்பந்தம் கூடாதுன்னுதான் எங்க படிவத்துல இருக்கு” என்றார். “இப்ப இவருக்கு எதிராளியோட வியாபாரமே இல்லையே?”

“இல்ல” என்றாள் மனைவி.

“அதுவும் அவங்களே வெளியே தள்ளினவர். அப்படிப்பட்டவங்களை ஆதரிக்கணும்னு எங்களுக்குத் தனியா ஒரு சுற்றறிக்கையே இருக்கு.” இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வேலை எழுதிக் கொடுத்தார். ஒருவரிடம் அடி வாங்கியதற்காக இன்னொருவர் தட்டிக்கொடுக்கும் காலமாகப் போயிற்று.

தடுப்புப் பலகை இறங்கியது. அதில் சாப்பாட்டு மேஜை செய்தார்கள். உலைக்காரர் இப்போது இஷ்டப்பட்ட பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மனைவிதான் முதலாளி. பழைய முதலாளி அவளிடம் வேலை பார்க்கிறார். படம் தொங்கிய ஆணியில் இப்போது அவர் சட்டை தொங்குகிறது.

மூத்த சம்பந்தி வீட்டுச் சலவை இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாலு மாதம் மூடி ஒழுங்காக மூடவில்லை. பிறகு மூன்றாம் நாட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்து இவளிடம் ஸ்பிரிங் வாங்கிப்போக ஆரம்பித்தார். அது இரண்டு கப்பல் மாறி, மூன்று பெட்டி மாறி, விலை ஒன்றுக்கு இரண்டாகி, யாரும் யாரோடும் சம்பந்தமே இல்லாமல், பழைய மூடியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. “அந்த ஆள் அதை எங்க கொண்டுபோய் விக்கிறார்?” என்று கணவர் கேட்டாராம். “தகவல் பரிமாறிக்கக்கூடாதுங்க” என்றாளாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. இவ்வளவு நேரம் படித்தீர்களே, படிக்கும்போது ‘பாவம், அவர் செஞ்சதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அந்தம்மா செஞ்சதுலயும் ஒரு நியாயம் இருக்கு’ என்று உங்கள் தலை தன்பாட்டுக்கு ஆடிற்றா? சண்டை போட்டுக்கொண்ட உங்கள் இரண்டு நண்பர்களிடமும் தனித்தனியாக ‘நீ சொன்னதுதான் சரி’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்களா? ஒரே செவ்வாய்க்கிழமையை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லை என்கிறீர்களா? மெதுவாகக் குனிந்து காலடியைப் பாருங்கள். மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் எழுந்திருப்பதற்கு முன் உட்கார்ந்த இடத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதை எதிர் நாற்காலிக்காரி வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். நடுவில் ஓர் இடத்தில் ‘சூடுமானி என் காசு’ என்று ஓரத்தில் எழுதினாள். சிங்கம் வந்த இடத்தில் சிவப்புப் பென்சில் நின்றுவிட்டது.

“கர்ஜிச்சாராமா?” என்றாள். “அக்கா, நான் உலைக்கு அந்தப் பக்கம்தானே நின்னேன்? என் காதுல விழாத கர்ஜனையா? அந்த நெட்டை ஆபீசர் ‘உங்க மனைவியா?’ன்னு மூணு தரம் கேட்டாரு. இவரு நெத்தியைத் துடைச்சாரு. என்னைப் பாத்தாரு. பேனாவைக் கீழ வெச்சாரு. ‘அப்படியும் சொல்லலாம்’னாரு. அதை அப்படியே எழுதுங்க.”